ரோமாபுரிக்குச் சோறு போட்ட ஊர்

ரோமாபுரி சாப்பிட்ட கோதுமையில் பெரும்பகுதி இத்தாலியில் விளைந்ததே இல்லை. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த அந்தத் தலைநகருக்கு எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தானியம் வந்தாக வேண்டும். அகஸ்டஸ் காலத்தில் அரசு இலவசமாகத் தானியம் அளந்த குடிமக்கள் மட்டும் 2 லட்சம் பேர். தானியம் தட்டினால் தெருவில் கலவரம். ஒரு பஞ்ச காலத்தில், பசித்த கூட்டம் சக்கரவர்த்தி கிளாடியஸையே நடுச்சந்தையில் மறித்து, ஏசி, காய்ந்த ரொட்டித் துண்டுகளை வீசியது. அவர் பின்வாசல் வழியாக அரண்மனைக்குள் ஓடித் தப்பினார்.

அந்தத் தானியம் வந்து இறங்கிய வாசல் ஓஸ்தியா. டைபர் நதி கடலில் கலக்கும் இடத்தில் இருந்த துறைமுக நகரம். ரோமிலிருந்து முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ரோமுக்குப் போகிற நம்மவர்களின் பட்டியலில் இந்த ஊர் அநேகமாக இருப்பதில்லை. கொலோசியம், வாட்டிகன், பிறகு ஒரு முழு நாளைச் செலவழித்துப் பாம்பேய் என்று பயணத் திட்டம் முடிந்துவிடுகிறது. பாம்பேய்க்குப் போய் வர ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். ஓஸ்தியாவுக்கு அரை நாள் போதும். ரோமானியர்கள் எப்படிப் பிழைத்தார்கள், எதை விற்றார்கள், எங்கே குடியிருந்தார்கள், எதற்குப் பயந்தார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

பிரமிடு மெட்ரோ நிலையத்தை ஒட்டியிருக்கிறது போர்த்தா சான் பவோலோ ரயில் நிலையம். காலை ஒன்பது மணிக்கு அங்கே எங்கள் சிறு குழு கூடியது. வழிகாட்டியாக வந்தவர் தொல்லியல் படித்த ஒரு பெண்மணி. நகரப் பேருந்துக்கு வாங்குகிற சாதாரண டிக்கெட்டே இந்தப் புறநகர் ரயிலுக்கும் செல்லும். அரை மணி நேரத்தில் ஓஸ்தியா அந்திக்கா. நெடுஞ்சாலைக்கு மேலே நடைபாலம். அதைக் கடந்து சில நிமிடம் நடந்தால் நுழைவாயில்.

தனியாகவே சுற்றிப் பார்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஊரில் கண்ணைப் பறிக்கும் கோபுரமோ மாளிகையோ கிடையாது. இருப்பதெல்லாம் செங்கல் சுவர்கள், கிலோமீட்டர் கணக்கில். பளிங்கை எல்லாம் இடைக்காலத்திலேயே பெயர்த்து, பீசா தேவாலயம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். விஷயம் தெரிந்தவர் பக்கத்தில் இல்லாவிட்டால் கடையும் கோயிலும் கழிப்பறையும் ஒரே சுவராகத்தான் தெரியும். இங்கே வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஊருக்குள் பிணம் புதைக்கக் கூடாது என்பது ரோமானியச் சட்டம். அதனால் நகர வாயிலுக்கு வெளியே சாலையோரம் கல்லறைகள் வரிசையாக வந்து நம்மை எதிர்கொள்கின்றன. வாயிலைத் தாண்டினால் ஊரின் ராஜபாட்டை, கருங்கல் பாவிய நேர்ச்சாலை. வலப்புறத்தில் நெப்டியூன் குளியல் மண்டபம். மேலே ஏறிப் பார்த்தால், நான்கு கடற்குதிரைகள் இழுக்க நெப்டியூன் பாய்ந்து வரும் கறுப்பு வெள்ளைத் தரைச் சித்திரம் முழுவதும் கண்ணில் படும். இந்த மண்டபத்துக்குச் சக்கரவர்த்தி ஹாட்ரியன் 20 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் வாக்களித்தார். போதவில்லை. அவருக்குப் பின் வந்த அந்தோனினஸ் பயஸ் மீதியைக் கொடுத்து கி.பி. 139-இல் கட்டி முடித்தார். இந்த 20 லட்சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குளியல் மண்டபத்தை ஒட்டியது தீயணைப்புப் படையினரின் முகாம். தானியக் கிடங்கு நகரத்தில் எதிரியைவிட நெருப்புக்குத்தான் பயம். அதனால் கிளாடியஸ் இங்கே ஒரு தனிப்படையை நிறுத்தினார். பின்னால் ஹாட்ரியன் காலத்தில் எழுந்த கட்டடம் இப்போது இருப்பது. நடுவில் பெரிய முற்றம், சுற்றிலும் வீரர்களின் அறைகள், ஒரு மூலையில் கழிப்பறை, அதற்குள்ளும் அதிர்ஷ்ட தேவதைக்கு ஒரு சிறு சன்னிதி. வாசலை ஒட்டி மதுக்கடைகள் இருந்ததற்கு அடையாளமாகத் தரையில் கிண்ணச் சித்திரங்கள்.

அடுத்தது நாடக அரங்கம். அகஸ்டஸின் வலக்கையாக இருந்த அக்ரிப்பா கட்டியது. பிறகு சுமார் நாலாயிரம் பேர் உட்காரும்படி விரிவுபடுத்தினார்கள். எங்களுடன் வந்தவர்கள் படிகளில் ஏறிப் படமெடுத்தார்கள். வழிகாட்டி அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவர் காட்ட வந்தது அரங்கத்தை அல்ல, அதன் பின்புறத்தை.

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு நீள்சதுரத் திடல். மூன்று பக்கமும் தூண் வரிசை, அதன் பின்னால் சுமார் அறுபது சிறு அறைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் தரையில் கறுப்பு வெள்ளைக் கற்களால் பதித்த ஒரு படம், சிலவற்றில் எழுத்து. கப்பல் வியாபாரிகளும் சங்கங்களும் இருந்த இடம் இது. யானை படம் போட்டிருக்கிறதா? லிபியாவின் சப்ராத்தா ஊர்க்காரர்கள். பிரான்சின் நார்போன், சார்டினியாவின் காலியரி, துனீசியாவின் கார்த்தேஜ், கயிறு விற்பவர்கள், தோல் பதனிடுபவர்கள் என்று ஒவ்வொரு வாசலிலும் ஓர் அடையாளம். பாய்மரம் விரித்த கப்பல்கள், கலங்கரை விளக்கம், ஜாடியைக் கடல் கப்பலிலிருந்து ஆற்றுப் படகுக்கு மாற்றும் கூலியாள். படிக்கத் தெரியாத மாலுமிக்கும் எந்த வாசலில் ஏற வேண்டும் என்று தெரிந்துவிடும். ரோமானியப் பேரரசை நான் அதுவரை போர்களாகவும் அரசர்களாகவும்தான் படித்திருந்தேன். அந்தத் திடலைச் சுற்றி நடக்கும்போதுதான் அது இத்தனை ஊர்களின் வியாபாரமாகக் கண்முன் விரிந்தது. கையில் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் பாதியை இங்கே செலவழியுங்கள்.

அலெக்சாந்திரியாக்காரர்களின் அறையும் இந்த வரிசையில் இருக்கிறது. தமிழ் வாசகர் அதன் முன்னால் சற்று நிற்க வேண்டும். சேரர் துறைமுகமான முசிறியில் ஏற்றிய மிளகு அரபிக்கடலையும் செங்கடலையும் தாண்டி எகிப்தின் பெரெனிகே துறையில் இறங்கும். பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதியில் படகேறி அலெக்சாந்திரியா வரும். அங்கிருந்துதான் இத்தாலிக்குக் கப்பல். பெரெனிகேயில் ஒரு கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த சாடிக்குள் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதே செங்கடல் கரையில் குசெய்ர் அல்-காதிமில் தமிழ் பிராமி எழுத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கீறிய பானை ஓடுகள் கிடைத்தன. வியன்னாவில் இருக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று முசிறி வாணிபத்துக்கான கடன் ஒப்பந்தத்தைப் பேசுகிறது. அதில் வரும் ‘ஹெர்மப்பொல்லோன்’ என்ற ஒரே கப்பலின் சரக்கு, எழுபது லட்சம் செஸ்டர்ஸ் அளவுக்கு மதிப்பிடப்பட்டிருக்கிறது. ஹாட்ரியன் குளியல் மண்டபத்துக்குக் கொடுத்ததைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ரோம் நகரின் நடுவிலேயே சக்கரவர்த்தி டொமிஷியன் மிளகுக்கென்று தனிக் கிடங்கு கட்டியதில் ஆச்சரியமில்லை.

துறைமுகத்தின் கதை இந்த இடத்தில்தான் சொல்லப்பட வேண்டும். ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியவில்லை. கிளாடியஸ் கி.பி. 42-இல் சற்று வடக்கே புதுத் துறைமுகம் தொடங்கினார். எகிப்திலிருந்து ஒற்றைக்கல் தூண் ஏற்றிவந்த ராட்சதக் கப்பலை மூழ்கடித்து, அதையே கலங்கரை விளக்கத்துக்கு அஸ்திவாரமாக்கினார்கள். அந்தத் தூண் இன்று வாட்டிகன் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. அப்படியும் கடல் அடங்கவில்லை. கி.பி. 62-இல் புயலடித்து, துறைமுகத்துக்குள் நின்ற கப்பல்களே இருநூறு நாசமாயின. பிறகு சக்கரவர்த்தி டிராஜன் இன்னும் உள்ளே தள்ளி ஆறு பக்கமுள்ள குளம் ஒன்றைத் தோண்டி, கப்பல்களைப் பத்திரமாக நிறுத்தினார். ஃபியுமிச்சீனோ விமான நிலையத்தில் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்தால் அந்த அறுகோண ஏரி தெரியக்கூடும்.

ஊருக்குள் திரும்புவோம். தியானா வீடு என்று பெயரிட்டிருக்கும் கட்டடம், நாம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு என்று சொல்வதேதான். கீழே கடைகள், மேலே வாடகைக் குடித்தனங்கள், நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம், எல்லோருக்கும் பொதுவாகத் தண்ணீர்த் தொட்டி. இப்போது எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். அன்று நாலைந்து மாடி வரை இருந்திருக்கும். பணக்காரர் கீழே, ஏழை மேலே. நெருப்புப் பிடித்தால் மேலே இருப்பவன் கதி என்ன என்று தீயணைப்பு முகாமைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்குச் சொல்லாமலே விளங்கும். செங்கற்களில் சூளைக்காரரின் முத்திரையும் ஆண்டும் குத்தியிருப்பதால் கட்டடத்தின் வயதைக் கணிக்க முடிகிறது. கி.பி. 123-ஆம் ஆண்டின் முத்திரைகள் ஏராளம்.

பல குடித்தனங்களில் சமையலறையே கிடையாது. அதனால் தெருவுக்குத் தெரு சாப்பாட்டுக் கடை. தியானா தெருவில் உள்ளது அவற்றில் மிக நன்றாகத் தப்பிப் பிழைத்த ஒன்று. வாசலில் உட்காரக் கல்திண்ணை, உள்ளே பளிங்கு மேடை, கீழே பாத்திரம் கழுவத் தொட்டி, படிப்படியாக அலமாரி. சுவரில் ஒலிவக்காயும் கிழங்கும் தீட்டியிருக்கிறார்கள், விற்கும் பண்டங்களாக இருக்கும். பின்னால் சிறு தோட்டமும் நீரூற்றும். அந்தத் திண்ணையில் கால் ஆற உட்கார்ந்தேன். ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் மூட்டை இறக்கிவிட்டு வந்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். எந்த அரண்மனையிலும் எனக்குக் கிடைக்காத நெருக்கம் அது.

அருகில் மாவு மில். இடுப்பளவு உயரமுள்ள எரிமலைக் கல் எந்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. கழுதைகள் சுற்றிச் சுற்றி வந்து அரைத்த இடம். பொதுக் கழிப்பறையில் பளிங்கு இருக்கைகள் தடுப்பே இல்லாமல் அடுத்தடுத்து, சுமார் இருபது. எல்லோரும் சிரிக்கிறார்கள், படமெடுக்கிறார்கள். இன்னொரு கட்டடத்தின் சுவரில் கிரேக்க ஞானிகள் ஏழு பேர் மலச்சிக்கலுக்கு ஆலோசனை சொல்வதாகவே ஒரு ரோமானியர் படம் எழுதி வைத்திருக்கிறார்.

பல வழிகாட்டிகள் நேரமில்லை என்று விட்டுவிடும் ஓர் இடத்துக்கு எங்களை அழைத்துப் போனதற்காக அந்தப் பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். தானியம் அளப்பவர்கள் சங்கத்தின் மண்டபம். தரைச் சித்திரத்தில் நடுவே ஓர் அளவுப் பாத்திரம், நம் களத்துமேட்டு மரக்கால் போலவே. ஒருவர் முதுகில் மூட்டையோடு வருகிறார். அளவுகாரர் கையில் தலைவழிக்கும் கோல். பக்கத்தில் ஒரு சிறுவன் கணக்கு வைக்கும் கட்டையைப் பிடித்திருக்கிறான். சாம்ராஜ்யத்தின் வயிறு இவர்கள் கையில் இருந்தது. சங்கமாகச் சேர்ந்து, சொந்தமாக மண்டபமும் கோயிலும் கட்டிக்கொள்ளும் அளவுக்கு வாழ்ந்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி ஒரு கிடங்கு. வாசலுக்கு மேலே பளிங்கில் உரிமையாளர்கள் பெயர், எப்பகாத்தஸ், எப்பாஃப்ரோடித்தஸ். கிரேக்கப் பெயர்கள். அநேகமாக அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். தங்கள் பெயரைத் தெரு பார்க்க அவ்வளவு பெரிதாக வெட்டி வைத்ததன் பெருமிதம் இன்னும் அங்கே இருக்கிறது.

எரிமலையால் ஒரே நாளில் செத்த ஊர் அல்ல ஓஸ்தியா. வியாபாரம் புதுத் துறைமுகத்துக்கு நகர்ந்தது, மணல் சேர்ந்தது, மலேரியா வந்தது, 9-ஆம் நூற்றாண்டில் மிச்சமிருந்தவர்களும் வெளியேறினார்கள். கடலே இன்று சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆனால் அந்த நீண்ட முதுமையை இங்கே அதிகம் பார்க்க முடியாது. அதற்குக் காரணம் உண்டு. 1942-இல் ரோமில் உலகக் கண்காட்சி நடத்த முசோலினி அரசு திட்டமிட்டது. அதற்குள் ஊரைக் காட்சிக்கு வைத்துவிட வேண்டுமென்று 1938 முதல் தொல்லியலாளர் குயிதோ கால்ட்சா தலைமையில் அசுர வேகத்தில் தோண்டினார்கள். பிற்காலத்து எளிய சுவர்களும் அடுக்குகளும் பெரும்பாலும் பதிவாகாமலே அள்ளிக் கொட்டப்பட்டன. ஹாட்ரியன் காலத்துச் செழிப்புதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது. போர் வந்தது, கண்காட்சி நடக்கவேயில்லை. போன மண் திரும்பாது. இவ்வளவு பெரிய ஊரைப் பார்க்கக் கிடைத்தது அந்த வேகத்தால்தான் என்றாலும், கடைசி நூற்றாண்டுகளில் இங்கே வாழ்ந்த ஏழைகளுக்குச் செய்த அநியாயமாகவே எனக்குப் படுகிறது. அந்தக் காலத்தில்தான், 387-இல், புனித அகஸ்தீனின் தாய் மோனிக்கா ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் காத்திருந்தபோது இந்த ஊரில் இறந்துபோனார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். திங்கட்கிழமை விடுமுறை. கோடையில் வெயில் கடுமை. குடைப் பைன் மரங்கள் அங்கங்கேதான் நிழல் தரும். தொப்பியும் தண்ணீர்ப் பாட்டிலும் அவசியம். கருங்கல் சாலை மேடுபள்ளம், செருப்பைவிட ஷூ நல்லது. முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போனால் அரங்கம் வரை பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளலாம், அதுவே நிறைவாக இருக்கும்.

ரயிலில் திரும்பி இறங்கியதும் உடனே மெட்ரோ ஏறிவிடாதீர்கள். பத்து நிமிட நடையில் தெஸ்தாச்சோ என்ற ஒரு குன்று. 35 மீட்டர் உயரம், முழுக்கவும் உடைந்த ஜாடிகள். ஓஸ்தியா பக்கமிருந்து ஆற்றில் வந்த எண்ணெய் ஜாடிகளைக் காலி செய்து இங்கே உடைத்து அடுக்கினார்கள். பெரும்பாலும் தெற்கு ஸ்பெயினின் ஒலிவ எண்ணெய். பல ஓடுகளில் எடை, அனுப்பியவர் பெயர், ஆண்டு எல்லாம் மையால் எழுதியிருப்பதால் ஆய்வாளர்களுக்கு இந்தக் குப்பை மேடே கணக்குப் புத்தகம். மேலே ஏற முன்னனுமதி வேண்டும். அடிவாரத்தைக் குடைந்து கட்டிய உணவகங்களுக்கு அனுமதி தேவையில்லை. சிலவற்றில் பின்சுவருக்குப் பதில் கண்ணாடி, அதன் வழியே ஓட்டு அடுக்குகள் தெரியும். மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.