பூமாதேவியின் அடுப்பு

நாம் நிற்கும் தரைக்குக் கீழே ஓர் அடுப்பு ஓயாமல் கனன்றுகொண்டிருக்கிறது. அதற்கு விறகு போடுவாரும் இல்லை, ஊதிவிடுவாரும் இல்லை. பூமி தோன்றிய காலத்துச் சூட்டில் எஞ்சியது ஒரு பங்கு. பாறைகளிலுள்ள யுரேனியம், தோரியம் முதலியவை சிதைவதால் பிறக்கும் சூடு மற்றொரு பங்கு. ஆழம் செல்லச் செல்லக் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை உஷ்ணம் ஏறுகிறது. எரிமலைப் பிரதேசங்களிலோ சிறிது ஆழத்திலேயே ஜலம் கொதித்து, நீராவியாகச் சீறுகிறது.

அந்த நீராவியிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று முதலில் காட்டியவர் இத்தாலி தேசத்துப் பிரபு பியெரோ ஜினோரி கோன்டி. 1904-ம் வருஷம் ஜூலை 4-ந் தேதி, டஸ்கனியைச் சேர்ந்த லார்டரெல்லோ என்னும் இடத்தில், சிறு யந்திரம் ஒன்றை ஓட்டி ஐந்து விளக்குகளை ஏற்றினார். ஐந்தே விளக்குகள்தான்! 1944-ல் யுத்தத்தின்போது அங்கிருந்த மின்நிலையங்கள் நாசமாயின, மறுபடியும் கட்டப்பட்டன. இன்றும் அங்கே மின்சாரம் உற்பத்தியாகி வருகிறது.

இதன் அனுகூலங்கள் வெளிப்படையானவை. சூரியன் அஸ்தமித்தால் சூரிய மின்சாரம் இல்லை. காற்று ஓய்ந்தால் காற்றாடி சுழலாது. பூமியின் சூட்டுக்கு இரவும் பகலும் ஒன்றே. நிலக்கரி வேண்டாம், புகையும் மிகச் சொற்பம். ஐஸ்லாந்து தேசத்தில் பத்து வீடுகளில் சுமார் ஒன்பது வீடுகள் பூமியின் வெந்நீராலேயே குளிர் காய்கின்றன.

“அப்படியானால் எல்லா ஊர்களிலும் தோண்டிவிடலாமே!” என்று நம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கக்கூடும். அங்கேதான் சங்கடம். சூடு, நீர், நீர் ஊடுருவக்கூடிய பாறை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடவேண்டும். பெரும்பணம் செலவிட்டுத் தோண்டிய கிணறு வெறுங்கிணறாகவும் போகலாம். நீராவியோடு அழுகிய முட்டை நாற்றமுள்ள விஷவாயுவும் வரும். சில இடங்களில் வெந்நீரில் பாஷாணமும் கரைந்திருக்கும். நியூஸிலாந்தில் வைராக்கே மின்நிலையம் 1958-ல் இயங்கத் தொடங்கிய பின்னர், அருகிலிருந்த பள்ளத்தாக்கின் வெந்நீர் ஊற்றுகள் அடங்கிவிட்டன. ஓரிடத்தில் தரை பல மீட்டர் தாழ்ந்துபோயிற்று. தென்கொரியாவின் போஹாங் நகரில் 2017-ல் நேர்ந்த பூகம்பத்தைத் தூண்டியது, அங்கே ஆழ்கிணற்றில் அழுத்தத்துடன் செலுத்திய நீரே என்று விசாரணைக் குழு 2019-ல் முடிவு கூறிற்று.

கலிபோர்னியாவின் கெய்ஸர்ஸ் என்னும் இடத்து அநுபவம் நாம் மனத்தில் பதித்துக்கொள்ளத்தக்கது. அங்கே 1960-ல் மின் உற்பத்தி தொடங்கியது. நீராவி தாராளமாக வருகிறதே என்று மேலும் மேலும் கிணறுகளைத் தோண்டினார்கள். 1980-களின் இறுதியில் நீராவி குன்றத் தொடங்கியது. அடுப்பு அணையவில்லை, பானையில் ஜலம் வற்றிவிட்டது! அப்புறமே புத்தி பிறந்தது. 1997-லிருந்து லேக் கவுண்டியின் கழிவுநீரும், 2003-லிருந்து சாண்டா ரோஸா நகரின் கழிவுநீரும் சுத்திகரிக்கப்பட்டு, நெடுந்தூரம் குழாய் வழியே வந்து பாறைக்குள் செலுத்தப்படுகின்றன. ஊர் வேண்டாமென்று ஒதுக்கிய நீர் நீராவியாகி விளக்கேற்றுகிறது. இதனால் சிறு நில அதிர்ச்சிகள் உண்டாவதும் உண்மையே. ஆகவே அவற்றை ஓயாமல் அளந்து கவனித்து வருகிறார்கள்.

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு, 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், வெந்நீர் ஊற்றுகளோடு விளங்குகிறது. அங்கே முதலில் ஒரு மெகாவாட் அளவில் மின்சாரம் எடுத்துப் பார்க்க 2021-ல் ஒப்பந்தமாயிற்று. பனி உறையும் அந்தப் பிரதேசத்துக்கு இது பெரிய வரமாகலாம். ஆனால் அதே பிரதேசத்தின் புல்லும் ஓடை நீரும்தான் ஆடு மேய்க்கும் சாங்பா மக்களின் ஜீவனம். விளக்கு எரியவேண்டும், ஓடையும் கெடக்கூடாது.

கறக்கிற பசுவுக்குத் தீனி வைக்க நாம் மறப்பதில்லை. பூமாதேவியிடமும் அந்த நியாயந்தான் செல்லும். எடுத்த நீரைத் திருப்பிக் கொடுத்து, அளவறிந்து எடுப்போமானால், அவளுடைய அடுப்பு நம் பேரன் பேத்திகளுக்கும் பயன்படும்.