வகுப்புக்கு வாங்கிய செல்போன்

"படிக்கத்தானே டாக்டர் வாங்கிக் கொடுத்தோம்!" சோழவரம், காரனோடை, செங்குன்றம் பக்கத்துப் பெற்றோர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அம்மாவும் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். வீட்டில் பிள்ளையும் போனும்தான்.

2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு அரசு பள்ளிக் கதவைத் திறந்தது 2021 நவம்பர் 1-இல். அப்போது அவன் இரண்டாம் வகுப்பு. சண்டை போட்டு மறுநாளே சேர்ந்துகொள்ளப் பழகும் வயது அப்படியே போயிற்று. ஆன்லைன் வகுப்பு ஓய்ந்தும் போன் மட்டும் கையிலேயே தங்கிவிட்டது.

வயசுக் கோளாறா?

இரவு இரண்டு மணி வரை விழிப்பு. எழுப்பினால் எரிச்சல். போனைக் கேட்டால் கை ஓங்குகிறான். இதையெல்லாம் ஒரு வருஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வருகிறார்கள். கேட்டால், வயசுக் கோளாறு என்று நினைத்தார்களாம்.

வீட்டு வைத்தியங்கள்

தூங்க வைக்க மெடிக்கலில் இருமல் சிரப் வாங்கி ஊற்றிய அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அது சில பிள்ளைகளுக்குத் தூக்கத்தைத் தராது, படபடப்பைத்தான் தரும். தூங்கினாலும் மறுநாள் வகுப்பில் சொக்குவான். அதைப் பார்த்து மந்தம் என்று ஞாபகசக்தி டானிக் வேறு! இதை எத்தனை முறைதான் சொல்வது?

மந்திரித்துத் தாயத்துக் கட்டி நாலு மாதம் போக்குகிறவர்களும் உண்டு. போனைச் சுவரில் அடித்து உடைத்த அப்பாக்களும் உண்டு. திடீரென்று பிடுங்கினால் ஆத்திரம் ஏறும். சில பிள்ளைகள் தங்களையே காயப்படுத்திக்கொள்வார்கள். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

'அடிமையாகிவிட்டான்' என்ற முத்திரையும் அவசரம். வீடியோ கேம் அடிமைத்தனத்தை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலில் ஏற்றியிருப்பது உண்மை. ஆனால் போன் பார்க்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த நோய் இல்லை. தன் வகுப்புப் பாடத்தை எழுத்துக்கூட்டிக்கூட வாசிக்க முடியாமல், அந்த வெட்கத்தில் போனுக்குள் ஒளிகிறவர்கள் இருக்கிறார்கள். பள்ளி மூடியிருந்தபோது விழுந்த அந்தக் கற்றல் இடைவெளியை நிரப்பத்தான் 2021 அக்டோபரில் தமிழக அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கியது. அப்படி ஒளிகிற பிள்ளையை அடித்தால் வாசிப்பு வருமா?

பரிசோதனை

இப்படி வரும் பிள்ளைகளுக்குக் கண், ரத்தசோகை பார்ப்போம். தேவைப்பட்டால் தைராய்டு. ஸ்கேன் கேட்காதீர்கள்.

கேட்டுக்கொள்கிறேன்

சாகவேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை சொன்னால் மிரட்டல் என்று தள்ளாதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள். ராத்திரியானால் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம். இன்னொன்று: இரவு ஷிப்ட் போகிறவர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், பிள்ளை பார்க்கிற போனைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். அவசரத்துக்குக் கூப்பிட வீட்டில் ஒரு பட்டன் போன் இருக்கட்டும்.