வீடியோ கேமில் கேமரா சுவரில் முட்டிக்கொள்ளாதது ஏன்?

‘விட்சர் 3’ (2015) விளையாடியிருக்கிறீர்களா? நோவிகிராட் நகரத்தின் குறுகிய சந்துகளில் நாயகன் கெரால்ட் ஓடுவான். அவன் முதுகுக்குப் பின்னாலேயே கேமராவும் வரும். சட்டென்று திரும்பினால் அது சுவருக்குள் புதைந்துவிட வேண்டாமா?

செல்ஃபி குச்சியைப் பின்பக்கமாக நீட்டிப் பிடித்தபடி நடப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சுவர் நெருங்கினால் குச்சியைச் சுருக்கிக்கொள்வீர்கள் அல்லவா? இதுபோன்ற கேம்கள் செய்வதும் அதையேதான், விநாடிக்கு 30, 60 முறை.

ஒவ்வொரு முறையும் கேம் நாயகனிடமிருந்து கேமரா வரை கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை இழுத்துப் பார்க்கும். வழியில் சுவர் குறுக்கிட்டால் கேமரா அதற்குச் சற்று முன்பே நின்றுவிடும். மெல்லிய கோடு மட்டும் போதாது. திரையின் ஓரம் சுவரைத் தாண்டி மறுபக்கத்தைக் காட்டிவிடும். அதனால் பல கேம்களில் ஒரு பந்தையே அந்த வழியில் அனுப்பிப் பார்க்கிறார்கள். இலை, புதரையெல்லாம் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை.

சாமர்த்தியம் எங்கே தெரியுமா? கேமரா நாயகனை நெருங்கி வருவது சட்டென்று, விலகிப் போவது மெதுவாக. இரண்டுமே சட்டென்று நடந்தால், தூண் வரிசையைக் கடக்கும்போது திரை குலுங்கி உங்களுக்குத் தலை சுற்றும். கதைக்குள் இருக்கும் உணர்வும் அத்தோடு போச்சு!

மூலையில் மாட்டினால்? நாயகன் முதுகே திரையை அடைத்துக்கொள்ளும். அப்போது பல கேம்கள் அவனையே மங்கலாக்கி மறைத்துவிடும்.