அஞ்சல் சேவை வாரியமும் மேலாண்மைக் கண்காணிப்பும்: தருமபுரி மாவட்டக் கிளை அஞ்சலகங்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

இந்திய அஞ்சல்துறையின் உச்சநிலை அமைப்பு அஞ்சல் சேவை வாரியம் ஆகும். 'வாரியம்' என்னும் சொல் நிர்வாகத்தை நடத்தும் அமைப்பையும், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் அமைப்பையும் வேறுபாடின்றிக் குறித்து வருகிறது. அஞ்சல் சேவை வாரியம் முதல் வகையைச் சார்ந்தது என்பதையும், அதனால் கண்காணிப்புப் பொறுப்பு பல வெளி அமைப்புகளிடம் பிரிந்து கிடக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. இதன் விளைவு தருமபுரி மாவட்டத்தின் கிளை அஞ்சலகங்களை முன்வைத்தும், அமெரிக்க, பிரித்தானிய அனுபவங்களோடு ஒப்பிட்டும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அஞ்சல் சேவை வாரியம், ஆளுகை, கிளை அஞ்சலகம், கிராமிய அஞ்சல் ஊழியர், தருமபுரி.

முன்னுரை

சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் பிரிக்கப்பட்ட தருமபுரி, 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 15,06,843 மக்களைக் கொண்டது. இவர்களுள் ஐந்தில் நால்வருக்கும் மேற்பட்டோர் ஊரகப் பகுதியில் வாழ்பவர்கள். அக்கணக்கெடுப்பில் மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடாக இருந்தது. தமிழக மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைவு. பென்னாகரம், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டங்களின் உட்கிராமங்களிலும் சித்தேரி போன்ற மலைப்பகுதிகளிலும் வாழ்வோருக்கு அஞ்சலகம் என்பது கடிதம் பெறும் இடம் மட்டுமன்று. சேமிப்பு, காப்பீடு, அரசின் உதவித்தொகை ஆகியவற்றுக்கும் அதுவே வாயில். கணக்குப் புத்தகத்தைத் தாமே படித்துச் சரிபார்க்க இயலாதவர் மிகுந்த பகுதியில் அந்நிறுவனத்தின் மேல்நிலை யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்னும் வினா முதன்மை பெறுகிறது.

வாரியத்தின் தோற்றமும் இயல்பும்

1854ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி இந்திய அஞ்சல் நிர்வாகம் ஒரு தலைமை இயக்குநரின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அஞ்சல், தந்தித் துறைகள் 1914இல் ஒரே தலைமையின் கீழ் இணைந்தன. நிதி, நிர்வாக அதிகாரங்களைக் கொண்ட அஞ்சல் தந்தி வாரியம் 1959 டிசம்பரில் அமைக்கப்பட்டது. 1985 ஜனவரியில் அஞ்சல்துறையும் தொலைத்தொடர்புத் துறையும் பிரிந்தபின் அஞ்சல்துறைக்குரிய வாரியம் அஞ்சல் சேவை வாரியமாயிற்று.

துறைச் செயலரே இவ்வாரியத்தின் தலைவர். பணியாளர், செயல்பாடு, தொழில்நுட்பம், அஞ்சல் ஆயுள் காப்பீடு, திட்டமிடல் முதலிய பிரிவுகளுக்குப் பொறுப்பான மூத்த அதிகாரிகள் உறுப்பினர்கள். நிதி ஆலோசகர் நிரந்தர அழைப்பாளர். திட்டம் தீட்டுவோர், நடைமுறைப்படுத்துவோர், விளைவை மதிப்பிடுவோர் ஆகிய மூவரும் இங்கே ஒருவரே. எனவே இதனை நிர்வாக வாரியம் என்றே வகைப்படுத்த வேண்டும். ஆளுகை வாரியம் எனக் கொள்ளுதல் பொருந்தாது.

சட்ட நிலையும் இம்முடிவை வலுப்படுத்துகிறது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தை நீக்கிவிட்டு இயற்றப்பட்ட 2023ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்தது. இது தலைமை இயக்குநருக்கு அதிகாரங்களை வழங்குகிறது. வாரியம் ஒன்றை நிறுவவில்லை. சேவைக் குறைபாட்டிற்கான பொறுப்பிலிருந்து, விதிகளில் குறிக்கப்படும் அளவைத் தவிர, அஞ்சலகத்திற்கு விலக்கும் அளிக்கிறது. நீதிமன்றத்தின்வழிப் பொறுப்பைக் கோரும் பாதை இவ்வாறு குறுகும்போது உள்கண்காணிப்பின் தேவை அதற்கேற்ப மிகுகிறது.

வெளிக் கண்காணிப்பு

அஞ்சல்துறை கண்காணிப்பற்றது எனக் கருதுதல் பிழை. துறைக்கான மானியக் கோரிக்கையைத் தகவல் தொடர்பு, தகவல் தொழில்நுட்பத்திற்கான நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்கிறது. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் வரவு செலவைத் தணிக்கை செய்கிறார். அமைச்சர் நாடாளுமன்றத்தில் விடையளிக்கிறார். இவற்றுள் தணிக்கை நிகழ்ந்து முடிந்ததைப் பார்க்கிறது. நிலைக்குழு முதன்மையாக நிதி ஒதுக்கீட்டைப் பார்க்கிறது. ஒரு முடிவு எடுக்கப்படும் வேளையில் நிர்வாகத்திற்குப் புறத்தே நின்று, முழுத் தகவலுடன் வினா எழுப்பும் நிலையான அமைப்பு இல்லை.

ஒரே மேசை, மூன்று பொறுப்புத் தொடர்கள்

இந்நிலையின் விளைவைக் கிளை அஞ்சலகத்தில் தெளிவாகக் காணலாம். தருமபுரியின் ஒரு கிளை அஞ்சலகத்தில் ஒருவர் மூன்று பணிகளுக்காக ஒரே மேசைக்கு முன் நிற்கக்கூடும். விரைவு அஞ்சல் அனுப்பினால் அது 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அஞ்சல்துறையின் பொறுப்பு. அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் பணம் செலுத்தினால், அது 1873ஆம் ஆண்டின் அரசுச் சேமிப்பு ஊக்குவிப்புச் சட்டத்தின்கீழ் நிதி அமைச்சகத்தின் சார்பில் துறை ஆற்றும் முகவர் பணி. இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்தால், அது நிறுமங்கள் சட்டத்தின்கீழ் 2016இல் பதிவுபெற்று 2018 செப்டம்பர் 1 அன்று நாடளாவிய சேவையைத் தொடங்கிய தனி நிறுவனத்தின் பணி. அதற்கு இயக்குநர் குழு உண்டு. ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறையும் உண்டு.

மேசை ஒன்று, ஊழியர் ஒருவர், கைக்கருவியும் பெரும்பாலும் ஒன்றே. எனினும் வங்கிக் கணக்கில் நேர்ந்த பிழைக்கும் சேமிப்புக் கணக்கில் நேர்ந்த பிழைக்கும் முறையீட்டு வழிகள் வேறு. முன்னதற்கு நிறுவன இயக்குநர் குழுவும் ஒழுங்குமுறை அமைப்பும் மேலே நிற்கின்றன. பின்னதற்கு முறையீடு உட்கோட்ட ஆய்வாளர், தருமபுரிக் கோட்டக் கண்காணிப்பாளர், கோயம்புத்தூரிலுள்ள மேற்கு மண்டல அஞ்சல்துறைத் தலைவர், சென்னையிலுள்ள முதன்மை அஞ்சல்துறைத் தலைவர் என்ற வரிசையில் செல்கிறது. இவ்வரிசை முழுவதும் துறைக்குள்ளேயே அமைந்தது. அதன் உச்சியில் இருக்கும் வாரியமும் துறையே.

பிரித்தானிய, அமெரிக்க அனுபவங்கள்

தனி ஆளுகை வாரியம் அமைத்துவிட்டால் சிக்கல் தீருமா என்னும் வினாவிற்குப் பிறநாட்டு அனுபவம் எச்சரிக்கையான விடையைத் தருகிறது.

பிரித்தானியாவில் 1999 முதல் நிறுவப்பட்ட ஹொரைசன் என்னும் கணினி அமைப்பு, கிளை அஞ்சலகங்களின் கணக்கில் இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. அதனை நம்பி 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் திருட்டு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். 2019 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அவ்வமைப்பின் குறைகளை உறுதிப்படுத்தியது. 2024இல் தனிச்சட்டம் இயற்றித் தண்டனைகள் நீக்கப்பட்டன. இக்காலத்தில் அந்நாட்டு அஞ்சலக நிறுவனத்திற்கு நிர்வாகப் பொறுப்பில்லாத இயக்குநர்களை உள்ளடக்கிய குழு இருந்தது. ஆனால் கணினி அமைப்பைப் பற்றி அக்குழு பெரிதும் நிர்வாகம் தந்த தகவலையே சார்ந்திருந்தது. கிளைப் பொறுப்பாளர்களின் பிரதிநிதிகள் இருவர் 2021இல்தான் குழுவில் இடம்பெற்றனர்.

அமெரிக்க அஞ்சல் சேவைக்கு 1970ஆம் ஆண்டின் சீரமைப்புச் சட்டத்தின்வழி ஆளுநர் குழு அமைந்தது. குடியரசுத் தலைவர் செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கும் ஒன்பது ஆளுநர்களுள் ஐவருக்கு மேல் ஒரே கட்சியினராக இருத்தல் கூடாது. தலைமை அஞ்சல் அதிகாரியை நியமிக்கவும் நீக்கவும் இவர்களுக்கே உரிமை. ஆயினும் நியமனங்கள் தடைப்பட்டமையால் 2016 டிசம்பர் முதல் 2018 ஆகஸ்ட் வரை அக்குழுவில் ஆளுநர் ஒருவரும் இல்லை.

தருமபுரிக்கான பொருத்தப்பாடு

இந்தியக் கிராமிய அஞ்சல் ஊழியர் முழுநேர அரசு ஊழியர் அல்லர். நாளொன்றுக்கு நான்கு அல்லது ஐந்து மணிநேரப் பணிக்கான படி பெறுபவர். எனினும், அன்று துறைசாரா முகவர் எனப்பட்ட இவர்கள் வகிப்பது குடிமைப் பணியிடமே என உச்சநீதிமன்றம் 1977இல் ராஜம்மா வழக்கில் தீர்ப்பளித்தது. பிரித்தானியக் கிளைப் பொறுப்பாளருக்கு இல்லாத பாதுகாப்பு இது. எனினும் கணக்கில் இருப்புக் குறைவு காணப்பட்டால் விசாரணை முடியும்வரை ஊழியரைப் பணியிலிருந்து விலக்கி வைக்க விதிகள் இடமளிக்கின்றன. அக்காலத்தில் படியின் ஒரு பகுதியே கிடைக்கும்.

2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் மென்பொருள் துறையின் மைசூரு தொழில்நுட்ப மையம் உருவாக்கியதாகும். வெளிநிறுவனத்தைச் சாராமை இதன் நன்மை. ஆனால் மென்பொருளை உருவாக்கியவர், பயன்படுத்துபவர், அதன் பிழை குறித்த முறையீட்டை விசாரிப்பவர் ஆகிய அனைவரும் ஒரே துறையினர். பற்றாக்குறை ஊழியரின் தவறா, அமைப்பின் தவறா என்பதைத் தற்சார்பற்று முடிவுசெய்யும் இடம் இக்கட்டமைப்பில் இல்லை.

மறுபுறம், ஆளுகை வாரியம் வணிக நோக்கினரால் நிரம்பினால் மலைக்கிராம அஞ்சலகங்களே முதலில் மூடப்படும் என்னும் அச்சமும் நியாயமானதே. சமவெளியின் கிளை அஞ்சலகம் செலவில் மூன்றில் ஒரு பங்கையும், மலை மற்றும் எளிதில் அணுகவியலாப் பகுதிகளின் அஞ்சலகம் 15 விழுக்காட்டையும் வருவாயாக ஈட்டினால் போதும் என்பது துறையின் நீண்டகால அளவுகோல். அரசுத்துறை என்ற தன்மையே இச்சலுகையைக் காத்து வந்துள்ளது.

முடிவுரை

அஞ்சல் சேவை வாரியம் நிர்வாகத்தின் உச்சி. நிர்வாகத்தின் மீதான கண்காணிப்பாக அதனைக் கொள்ள இயலாது. அதனைக் கலைக்கவோ துறையை நிறுமமாக்கவோ வேண்டும் என்பது இதன் பொருளன்று. வாரியத்திற்குச் சட்ட அடிப்படை வழங்குதல், துறைக்குப் புறத்திலிருந்து உறுப்பினர்களைச் சேர்த்தல், அவ்விடங்கள் வெற்றாக இராதபடி காலவரையறை விதித்தல், கிராமிய ஊழியருக்கும் சேமிப்பாளருக்கும் பிரதிநிதித்துவம் அளித்தல், மலைப்பகுதி அளவுகோலைச் சட்டத்தில் பதித்தல் ஆகியன ஒருங்கே கருதத்தக்கவை. இவற்றுள் முதன்மையானது தகவல் பாதை. சித்தேரியின் கிளை அஞ்சலகக் கணக்கில் நேரும் பிழை, நிர்வாகத்தின் வடிகட்டலுக்கு உட்படாமல் வாரியத்தின் மேசையை அடைய வழியில்லையெனில் எத்தகைய வாரியம் அமைத்தாலும் பிரித்தானிய அனுபவமே மீண்டும் நேரக்கூடும்.