செயலிழப்பா, காயமா?

'சிறுநீரகம் செயலிழந்துவிட்டது' என்னும் தொடரை இரு வேறு நிலைகளுக்கு நாம் பொதுவாக வழங்கி வருகின்றோம். நீரிழிவாலும் உயர் இரத்த அழுத்தத்தாலும் சிறுநீரகம் பல்லாண்டுகளாகத் தேய்ந்து மீளாநிலையை அடைவது ஒன்று. கடுந்தொற்று, குருதியிழப்பு, நீர்வறட்சி, சில மருந்துகள் ஆகியவற்றால் சில மணிநேரத்திலோ நாள்களிலோ அதன் செயல் குன்றுவது மற்றொன்று. பின்னதை ஆங்கில மருத்துவமும் முன்னர்ச் செயலிழப்பு என்றே குறித்தது. 2000களில் 'திடீர்ச் சிறுநீரகக் காயம்' என்னும் பெயர் நிலைபெற்றது.

இப்பெயர் மாற்றத்திற்குக் காரணம் உண்டு. உயிர்வளி குறையும்போது, சிறுநீரக நுண்குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் முதலில் நலிகின்றன. குருதியில் கிரியாட்டினின் உயர்கிறது. எனினும் எஞ்சிய உயிரணுக்கள் பெருகி, இழந்த இடத்தை நிரப்ப வல்லவை. இழப்பு மீளாது, காயம் ஆறக்கூடும்.

இவ்வேறுபாடு உறுப்புமாற்றுச் சிகிச்சையில் உயிர்ப்பிரச்சினை ஆகின்றது. சிங்கப்பூரில் 1970இலும் மலேசியாவில் 1975இலும் சிறுநீரக மாற்று அறுவை தொடங்கியது. அன்றுமுதல் இன்றுவரை காத்திருப்போர் மிகுதி. கிடைக்கும் சிறுநீரகங்களோ குறைவு. விபத்தினாலோ பக்கவாதத்தினாலோ மூளைச்சாவு அடைந்தவரின் இரத்த அழுத்தம் வீழும்போது அவர் சிறுநீரகங்களும் காயமுறுவதுண்டு. அத்தகைய சிறுநீரகங்கள் பல, பயன்படா எனக் கருதி ஒதுக்கப்பட்டன.

ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. அமெரிக்காவில் சிறுநீரகம் பெற்ற 25,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வு, காயமுற்ற கொடையாளரையும் காயமுறாத கொடையாளரையும் இணைநோக்கியது. பொருத்தப்பட்ட சிறுநீரகம் நிலைத்திருப்பதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. காயமுற்ற சிறுநீரகம் தாமதமாக விழித்தெழுவதுண்டு. முதல் வாரத்தில் டயாலிசிஸ் தேவைப்படலாம். பின்னர்ப் பெரும்பாலும் அது தன் பணியை மேற்கொள்கிறது.

எல்லாச் சிறுநீரகங்களும் ஏற்கத்தக்கவை என்பது இதன் பொருளன்று. திசு பெரிதும் அழிந்தவை ஒதுக்கப்படவே வேண்டும். ஆறிய காயமும் தழும்பை விடலாம். ஆகவே இந்நோயிலிருந்து மீண்டவர் மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்துக்கொள்வது நன்று.

வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணிநேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவருக்கு நள்ளிரவில் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வருகின்றது எனக் கொள்வோம். 'செயலிழந்த சிறுநீரகம் ஒன்று கிடைத்துள்ளது' என மொழிபெயர்ப்பாளர் கூறினால், அதனை ஏற்க எவர் துணிவார்? 'காயமுற்றுள்ளது, ஆறும் வாய்ப்புண்டு, முதல் வாரம் பொறுக்க வேண்டியிருக்கலாம்' என்றால் அவர் உண்மையை அறிந்து முடிவெடுப்பார். மருத்துவத் தமிழைக் கையாளும் நாம் இவ்விரு சொற்களையும் பிரித்து வழங்குதல் கடமையாகும்.