ஊர்ப் பேச்சில் ஓர் அகராதி

புதுச்சேரியில் வில்லியனூர் பக்கத்து ஒதியம்பட்டின் பெயரைச் சற்றுப் பிரித்துப் பாருங்கள். ஒதியம் ஒரு மரம். கிளையை வெட்டி நட்டாலே வேர்விடும், தழை ஆடுகளுக்குத் தீனி. மரம் மென்மையானது என்பதால் ‘ஒதி பெருத்தாலும் உத்திரம் ஆகாது’ என்பார்கள். ‘பட்டு’ என்பதற்குச் சிற்றூர் என்று பொருள் உண்டு.

வயல்வெளிக்குப் போனால் இன்னும் பல சொற்கள் கிடைக்கும். நெல்லைத் தூற்றும்போது காற்றோடு பறக்கும் வெறும் உமி பதர். உள்ளே அரிசி அரைகுறையாகப் பிடித்திருந்தால் அது கருக்காய்.

இப்படி மக்கள் வாயில் புழங்கும் சொற்களைத் திரட்டித்தான் எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கென ஓர் அகராதி தந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி, 2021இல் மறையும்வரை புதுச்சேரியிலேயே வாழ்ந்தார்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் இதுவரை நீங்கள் கேட்டிராத சொல் ஒன்றைச் சொன்னால், உடனே பொருளைக் கேளுங்கள். எந்த ஊர், எந்தத் தொழில், எந்த இடத்தில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு வட்டார அகராதிக்குத் தேவையான முதல் வேலை அதுதான்.