படிப்பும் பணியும் இணைந்த பருவம்

பொறியியல் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞர் ஒருவர், மின்மோட்டார் இயங்கும் தத்துவத்தைக் கரும்பலகையில் பிழையின்றி விளக்கக் கூடும். ஆனால், ஆலையில் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் திடீரென நின்றுவிட்டால் முதலில் எதைச் சோதிப்பது என்று கேட்டால் தயங்குவார். இது அவருடைய குறையன்று. அவர் பயின்ற கல்வி முறை அவரை ஆலைக்குள் அழைத்துச் செல்லவில்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதற்கான வழிகளுள் ஒன்று, தொழில்நுட்பப் பாடங்களையும் பணியிடப் பயிற்சியையும் ஒரே பருவத்தில் இணைக்கும் திட்டமாகும்.

பழைய கருத்து, புதிய வடிவம்

இக்கருத்து புதியதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக் கழகத்தில் 1906-ஆம் ஆண்டில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர், மாணவர்கள் கல்லூரியிலும் தொழிற்சாலையிலும் மாறி மாறிப் பயிலும் முறையைத் தொடங்கினார். நம் நாட்டில் 1964-66 ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, பணி அனுபவம் கல்வியின் இன்றியமையாத கூறாக அமைய வேண்டும் என்று பரிந்துரைத்தது. கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியின் 'சாண்ட்விச்' பொறியியல் பட்டப் படிப்புகள் இவ்வழியில் அமைந்தவையே.

இராஜஸ்தானத்தில் உள்ள பிலானி பிர்லா தொழில்நுட்ப அறிவியல் கழகம், 1973-ஆம் ஆண்டில் 'பிராக்டிஸ் ஸ்கூல்' என்னும் முறையைத் தொடங்கியது. இரண்டாம் ஆண்டின் முடிவில், கோடை விடுமுறையில் சுமார் இரண்டு மாதங்களும், இறுதி ஆண்டில் ஏறத்தாழ ஐந்தரை மாதங்களும் மாணவர்கள் தொழிற்கூடங்களில் பயிற்சி பெறுகின்றனர். இப்பயிற்சி பாடத்திட்டத்தின் பகுதியாகவே கணக்கிடப்படுகிறது.

சட்டத்தின் வழி வேறாக இருந்தது. 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் முதலில் தொழிலாளர் நிலைப் பயிற்சியையே கருத்தில் கொண்டது. 1973-இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரிகளையும் அதன் வரம்பிற்குள் கொண்டுவந்தது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் அல்லாத துறைகளின் பட்டதாரிகளுக்கும் வழி திறந்தது. எனினும், இவையாவும் பெரும்பாலும் பட்டம் பெற்ற பின்னர் வரும் பயிற்சியாகவே இருந்தன. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதே ஆண்டில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும்தான், பயிற்சியைப் பட்டப் படிப்புக்குள்ளேயே ஒரு பருவமேனும் பொருத்துவதற்கு நாடு தழுவிய வடிவம் தந்தன.

நேரக் கணக்கு

பயிற்சிக்கும் பாடத்திற்கும் ஒரே அளவுகோல் தேவை. தேசிய மதிப்பலகுக் கட்டமைப்பு இதனை வகுத்துள்ளது. 'கிரெடிட்' எனப்படும் மதிப்பலகு ஒன்றுக்கு 30 மணி நேரக் கற்றல். ஆண்டுக்கு 1,200 மணி நேரம், அதாவது 40 மதிப்பலகுகள். எனவே ஒரு பருவத்திற்கு 600 மணி நேரமும் 20 மதிப்பலகுகளும் ஆகின்றன.

எடுத்துக்காட்டாக, 16 வாரப் பருவம் ஒன்றைக் கொள்வோம். மாணவர் வாரத்தில் நான்கு நாட்கள், நாளொன்றுக்கு ஏழு மணி நேரம் பணியிடத்தில் இருந்தால் மொத்தம் 448 மணி நேரமாகிறது. இது ஏறத்தாழ 15 மதிப்பலகுகளுக்குச் சமம். எஞ்சிய 152 மணி நேரத்தில், அதாவது வாரத்திற்கு ஒன்பதரை மணி நேரத்தில், ஐந்து மதிப்பலகுகளுக்கான தொழில்நுட்பப் பாடங்களை நடத்தலாம். அப்பாடங்கள் பணியிடத்தோடு தொடர்புடையனவாக இருத்தல் வேண்டும். மின்மோட்டார் ஆலைக்குச் செல்பவருக்கு மின்பொறிகளின் பராமரிப்பும் தரக் கட்டுப்பாடும் பாடங்களாக அமைந்தால், காலையில் கண்ட குறையை மாலை வகுப்பில் விவாதிக்க இயலும். தொடர்பற்ற பாடங்களாயின் மாணவருக்கு இரட்டைச் சுமையே மிஞ்சும்.

செலவை ஏற்பவர் யார்?

திட்டத்தின் வெற்றி தோல்வியை முடிவு செய்வது இக்கேள்வியே. மனித மூலதனம் பற்றி 1964-இல் நூல் எழுதிய பொருளியல் அறிஞர் கேரி பெக்கர், பயிற்சியை இரு வகையாகப் பிரித்தார். ஒரு நிறுவனத்திற்கு மட்டுமே பயன்படும் திறன் ஒரு வகை. எங்கு சென்றாலும் பயன்படும் பொதுத் திறன் மற்றொரு வகை. பொதுத் திறனைக் கற்றவர் நாளை வேறு நிறுவனத்திற்குச் சென்றுவிடலாம். ஆதலின் அதற்கான செலவை நிறுவனம் ஏற்கத் தயங்கும். குறைந்த ஊதியத்தின் வாயிலாகப் பயிற்சி பெறுபவரே அச்செலவைச் சுமப்பார்.

கல்லூரி மாணவர் பெறுவது பெரும்பாலும் பொதுத் திறனே. வசதியுள்ள குடும்பத்து மாணவர் ஊதியமின்றியும் பெருநகரில் தங்கி ஆறு மாதங்கள் பயிற்சி பெற முடியும். விவசாயக் கூலியின் மகளுக்கு அது இயலாது. கல்லூரிக் கட்டணம் ஒருபுறம், நகரில் அறை வாடகையும் உணவுச் செலவும் மறுபுறம். இந்நிலையில் அவர் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கும் குறுக்கு வழிக்குத் தள்ளப்படுகிறார். அல்லது ஊருக்கு அருகில் கிடைக்கும், கற்பதற்கு எதுவுமில்லாத வேலையை ஏற்கிறார். ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த திட்டம் அதனைப் பெருக்குவதற்கே துணை செய்துவிடும்.

எனவேதான் அரசின் பங்கு தேவைப்படுகிறது. தேசிய தொழில் பழகுநர் பயிற்சித் திட்டத்தின் கீழ், குறைந்த அளவு உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் பட்டதாரிப் பழகுநருக்கு மாதம் 9,000 ரூபாயைக் குறைந்த அளவாக நிர்ணயித்தது. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களை அமர்த்துவதையும் அத்திருத்தம் கட்டாயமாக்கியது. படிப்பின் இடையே பயிற்சி பெறும் ஏழை மாணவருக்கும் உதவித்தொகை உறுதிப்பட வேண்டும். இது சலுகையன்று, சமுதாயம் முழுமைக்கும் பயன் தரும் முதலீட்டில் சமுதாயம் ஏற்கும் பங்காகும்.

ஆசிரியரும் ஆலைக்குச் செல்ல வேண்டும்

பிலானி முறையின் சிறப்பு மாணவரை வெளியே அனுப்பியதில் மட்டும் இல்லை. கழகத்தின் ஆசிரியரும் பயிற்சி நிலையத்தோடு பிணைக்கப்பட்டார். நாட்குறிப்பு, கருத்தரங்கு, குழு விவாதம், அறிக்கை ஆகியவற்றின் வாயிலாக மாணவரின் முன்னேற்றம் இடையறாது மதிப்பிடப்படுகிறது. பல கல்லூரிகளில் விடுபட்டுப்போவது இக்கூறே. நிறுவனத்தின் முத்திரை பதித்த கடிதம் ஒன்றே சான்றாக ஏற்கப்படும்போது, மாணவர் 448 மணி நேரமும் கோப்புகளை அடுக்கினாரா, பொறிகளைப் பழுது பார்த்தாரா என்பது எவருக்கும் தெரியாமல் போகிறது.

பெரிய தொழிற்சாலைகள் அருகில் இல்லை என்பது சிறு நகரக் கல்லூரிகள் கூறும் தடை. ஆனால் லூதியானாவின் சைக்கிள் உதிரிபாகப் பட்டறைகள், ராஜ்கோட்டின் பொறிக் கருவித் தொழிற்கூடங்கள், கோவையின் பம்புத் தொழிற்கூடங்கள் போன்ற சிறுதொழில் தொகுதிகள் நாடெங்கும் உள்ளன. பத்துப் பட்டறைகள் தலைக்கு இரு மாணவரை ஏற்க, ஒரே ஆசிரியர் வாரந்தோறும் அவற்றைச் சுற்றி வந்து மேற்பார்வையிடலாம். மாணவர் கற்பதோடு, தரச் சோதனை முறைகள் போன்ற கல்லூரி அறிவும் பட்டறைக்குள் நுழையும்.

அலுவலர்களும் மாணவர்களும்

திட்டத்தை ஆய்வு செய்யும் அலுவலர், எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று எண்ணுவதோடு நிறைவடையலாகாது. எத்தனை மாணவர்கள் உதவித்தொகை பெற்றனர், எத்தனை முறை ஆசிரியர் பணியிடம் சென்றார், மாணவர் செய்த வேலை அவருடைய பாடத்தோடு பொருந்தியதா என்ற மூன்று வினாக்களையும் எழுப்ப வேண்டும். மாணவரும் பருவம் தொடங்குமுன் தமக்குரிய பணி, மேற்பார்வையாளர், உதவித்தொகை ஆகியவற்றை எழுத்து மூலம் பெறுவது நலம்.

கல்லூரி, தொழிற்கூடம், அரசு ஆகிய மூன்றும் தத்தம் பங்கை ஏற்கும்போதுதான் பணியிடத்தில் கழியும் பருவம் கல்வியாகும். ஒன்று விலகினாலும் அதன் சுமை, அதனைத் தாங்க வலிமையற்ற மாணவரின் தோள்மீதே விழும். திட்டத்தை வகுப்போரும் செயற்படுத்துவோரும் இதனை மனத்திற் கொள்வது அவசியம்.